கூரையிலிருந்து ஓடை வரை: நிலம் மாறினால் மழைநீருக்கு என்ன ஆகிறது?

கேள்வி இது: “காடு, வயல், குடியிருப்பு, தொழிற்பேட்டை என்று நிலத்தின் பயன்பாடு மாறும்போது மழைநீர் ஓட்டமும் அதன் தரமும் எப்படி மாறுகின்றன? கான்கிரீட் கூடினால் வெள்ளம் கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் ஏதாவது இருக்கிறதா? ஏரியைச் சுற்றிப் புல்தரை போட்டுப் பூங்கா அமைத்த பிறகும் தண்ணீர் பச்சையாகவே கிடக்கிறதே, ஏன்?”

கடைசிக் கேள்விதான் இதில் கடினமானது. முதல் இரண்டையும் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போக முடியும்.

கான்கிரீட் கூடினால் வெள்ளம் கூடும் என்பது பாதிதான் சரி. கணக்குப் போட்டுப் பார்த்தால் மீதி தெரியும். அமெரிக்காவின் மண் பாதுகாப்புத் துறை 1950-களில் உருவாக்கிய ‘வளைவு எண்’ முறையை நீரியல்காரர்கள் இன்றும் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். நிலத்தின் வகைக்கும் மண்ணின் தன்மைக்கும் ஏற்ப 100-க்குள் ஓர் எண் கொடுப்பார்கள். எண் கூடினால், விழுகிற மழையில் வழிந்தோடிப் போகும் பங்கும் கூடும். ஓரளவு நீர் இறங்கக்கூடிய மண்ணில் நல்ல நிலையிலுள்ள காட்டுக்கு 55, வரிசைப் பயிர் போட்ட நிலத்துக்கு 78, வணிகப் பகுதிக்கு 92, தார் போட்ட வாகன நிறுத்துமிடத்துக்கு 98.

ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்களைச் சூத்திரத்தில் போட்டால் பயிர் நிலத்திலிருந்து ஏறக்குறைய 12 மி.மீ. ஓடிவருகிறது, வணிகப் பகுதியிலிருந்து 31, நிறுத்துமிடத்திலிருந்து 44. காட்டிலிருந்து வருவது 0.3 மி.மீ. இந்த முறை சிறு ஓட்டங்களில் அவ்வளவு துல்லியமானதல்ல; ஆகவே 0.3 என்பதை ‘ஏறக்குறைய ஒன்றுமில்லை’ என்றே படியுங்கள். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. என்பது 10,000 லிட்டர். ஒரு ஹெக்டேர் காடு மூவாயிரம் லிட்டர் சொச்சம் விடுகிற அதே மழையில், அதே பரப்புள்ள தார்த்தளம் 4,40,000 லிட்டரைக் கீழே தள்ளுகிறது. நூறு மடங்குக்கும் மேல்.

இப்போது மழையை 150 மி.மீ. ஆக்கிப் பாருங்கள். காடு 37, நிறுத்துமிடம் 144. வித்தியாசம் நான்கு மடங்காகச் சுருங்கிவிட்டது. முந்தைய நாட்களிலேயே மண் ஊறிப்போயிருந்தால் இன்னும் சுருங்கும். மண்ணும் ஒரு பாத்திரம் மாதிரிதான். நிரம்பிய பிறகு காட்டுத்தரையும் வழியத்தான் செய்யும்.

அதனால் ‘காடு இருந்தால் பெருவெள்ளமே வராது’ என்று யாராவது சொன்னால் நான் தலையாட்ட மாட்டேன். நிலப் பயன்பாட்டின் முழு வேகமும் தெரிவது பெருமழையில் இல்லை. யாரும் செய்தியாக்காத சிறு மழைகளிலும் நடுத்தர மழைகளிலும்தான். ஆண்டில் மழை பெய்யும் நாட்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை. காட்டு ஓடைக்கு அந்த மழைகள் வந்துபோனதே தெரியாது. நகர ஓடைக்கு ஒவ்வொன்றும் ஓர் அடி. இயற்கையான ஓடை, ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கரை நிரம்ப ஓடுகிற அளவுக்குத் தன் அகலத்தையும் ஆழத்தையும் அமைத்துக்கொண்டிருக்கும். அதே அளவு ஓட்டம் ஆண்டுக்குப் பல தடவை வந்தால் கரை சரிகிறது, மரவேர்கள் அந்தரத்தில் தொங்குகின்றன, படுகை பறிபட்டுக் கீழே இறங்குகிறது. மழையில்லாத நாட்களில் கதை தலைகீழ்: நிலத்துக்குள் இறங்காத நீர் பிறகு ஊற்றாக வந்து ஓடையை நனைக்கவும் முடியாது. வாய்க்கால் ஒரு நாள் பொங்குகிறது, மறுநாள் வறண்டு கிடக்கிறது.

இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணத்தைக் கழித்துவிடலாம். பச்சையாகத் தெரிவதெல்லாம் நீரை உறிஞ்சும் என்று நம்புகிறோம். ஒரு பழைய தகர டப்பாவின் மேலும் கீழும் வெட்டியெடுத்துக் குழாய் போல ஆக்கிக்கொள்ளுங்கள். மரத்தடியில் சருகை விலக்கிவிட்டு மண்ணில் விரற்கடை ஆழத்துக்கு அழுத்தி, ஒரு குவளை நீரை ஊற்றி, அது இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அடுத்து, ஆட்கள் ஓடியாடும் ஒரு புல்தரையில் அதையே செய்யுங்கள். அங்கே டப்பாவை அழுத்தவே சுத்தியல் தேவைப்படும். ஊற்றிய நீர் ஒரு சிறு குளமாக உங்கள் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஃபுளோரிடாவின் மணற்பாங்கான மண்ணில் 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, கட்டுமான வண்டிகள் ஏறி இறங்கியதால் நீர் இறங்கும் வேகம் 70 முதல் 99 சதவீதம் வரை குறைந்ததாக அளந்து காட்டியது. மணலுக்கே இந்தக் கதி. வீடு கட்டி முடித்து, மேலே ஒரு சாண் வளமான மண்ணைக் கொட்டிப் புல் பதித்துவிட்டால் கண்ணுக்குப் பசுமைதான். கீழே கிடப்பது ரோலர் ஓட்டிய தரை.

இனி தரம். ஒவ்வொரு வகை நிலத்துக்கும் அதற்கென்று ஓர் அழுக்கு உண்டு. அவற்றில் மிக மோசமானது தொழிற்சாலையோ குடியிருப்போ அல்ல. பழைய பயன்பாட்டுக்கும் புதியதற்கும் நடுவில், எதுவும் இல்லாமல் வெட்டிப்போட்டுக் கிடக்கும் மண். கட்டுமான இடங்களிலிருந்து அடித்துவரப்படும் வண்டல் விளைநிலத்தைப் போல 10 முதல் 20 மடங்கு, காட்டைப் போல 1,000 முதல் 2,000 மடங்கு என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. மேரிலாந்து ஆறுகளைப் படித்த கார்டன் வுல்மன் 1967-லேயே இந்தச் சுழற்சியை வரைந்து காட்டினார்: காடு வயலாகும்போது வண்டல் கூடுகிறது, நகரம் எழும்பும் சில ஆண்டுகளில் உச்சத்துக்குப் பாய்கிறது, எல்லாவற்றையும் மூடித் தார் போட்டதும் சரசரவென்று இறங்குகிறது. அதன்பின் வரும் நீர் வண்டல் சுமையில்லாத நீர். பசியோடு வருகிற நீர் என்றும் சொல்லலாம். அது ஓடையின் கரையையே தின்னத் தொடங்குகிறது.

வயலின் அழுக்கு வேறு மாதிரி. இங்கே பாஸ்பரஸ், நைட்ரேட் இரண்டையும் சேர்த்து ‘உரக் கழிவு’ என்று ஒரே பெயரில் பேசுவது பல திட்டங்களைக் கெடுத்திருக்கிறது. பாஸ்பரஸின் பெரும்பகுதி மண்துகளில் ஒட்டிக்கொண்டு பயணிக்கும். மண் அரிப்பைத் தடுத்தால் அதில் நிறையத் தடுபடும். நைட்ரேட் தண்ணீரில் கரைந்து, மேலே எந்தச் சலனமும் இல்லாமல் கீழே இறங்கி, நிலத்தடி வழியாகவோ வயலுக்கடியில் புதைத்த வடிகுழாய் வழியாகவோ ஓடைக்கு வந்துசேரும். வரப்போரம் புல்பட்டை வளர்த்து ஒன்றைப் பிடித்தீர்கள். மற்றொன்று அதன் காலடியிலேயே போய்விடுகிறது. உழாமல் விதைக்கும் முறையிலும் இதே சிக்கல் வரும். மண் அரிப்பு வெகுவாகக் குறையும். ஆனால் மேலே தூவிய உரம் மண்ணோடு கலக்காமல் மேற்பரப்பிலேயே தேங்கி, கரைந்த வடிவிலான பாஸ்பரஸ் அடுத்த மழையில் கிளம்பிவிடலாம். பாசிக்கு மிகவும் பிடித்த வடிவம் அதுதான். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஈரி ஏரியின் மேற்குக் கோடியில் நச்சுப்பாசி பெருகி, டொலீடோ நகரத்தில் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோரிடம் குழாய் நீரைக் குடிக்க வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. அந்தக் கோடியில் வந்து கலப்பது மாமி ஆறு. அதன் நீர்ப்பிடிப்பில் பெரும்பகுதி விளைநிலம்.

காட்டுக்கு வருவோம். காட்டு நீர் சுத்தமாக இருக்கக் காரணம் தரையில் கிடக்கும் சருகு மெத்தைதான் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்டு புரூக் என்னும் காட்டில் நடந்த சோதனையைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறியது. 1965-இன் கடைசியில் 15.6 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் எல்லா மரங்களையும் வெட்டி, விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். சாலை போடவில்லை, மரத்தை இழுத்துப் போகவில்லை, மண்ணைக் கிளறவில்லை. மூன்று ஆண்டுகள் களைக்கொல்லி தெளித்து எதையும் முளைக்கவிடாமல் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். சருகு அப்படியே இருந்தது. முதல் ஆண்டே ஓடையின் நீர் சுமார் 40 சதவீதம் கூடியது. குடித்து ஆவியாக்க மரங்கள் இல்லையே. நைட்ரேட்டின் செறிவோ 40 மடங்குக்கு மேல் எகிறி, குடிநீருக்கான வரம்பையும் தாண்டியது. மண்ணில் மட்கும் பொருளிலிருந்து நைட்ரேட் எப்போதும்தான் உருவாகிறது. அதைப் பிடித்து வைத்துக்கொள்ள உயிருள்ள வேர்கள் இல்லாமல் போனதுதான் வித்தியாசம்.

நகரத்தின் அழுக்கைப் பார்க்க வேண்டுமானால் மழை தொடங்கும்போது வடிகால் வாயில் நிற்க வேண்டும். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு சில நிமிடங்களுக்கு ஒரு பாட்டில் என்று நான் பிடித்திருக்கிறேன். முதல் பாட்டில் டீசல் வாடையோடு கறுப்பாக இருக்கும். அடியில் படிவது மணலா ரப்பர்த்தூளா என்று சொல்ல முடியாது. மூன்றாவது, கழுவிய பாத்திர நீர் மாதிரி. ஆறாவதில் மறுபக்கம் நிற்பவரின் முகம் தெரியும். இதை ‘முதல் அலசல்’ என்பார்கள். சிறிய, முழுக்கத் தளமிட்ட இடங்களில் இது தெளிவாகத் தெரியும். பெரிய நீர்ப்பிடிப்பில் ஒவ்வொரு தெருவின் முதல் அலசலும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வதால் கலங்கிப்போய்விடும். எனவே ‘முதல் நீரை மட்டும் பிடித்துவிட்டால் போதும்’ என்ற திட்டத்தை ஒரு கட்டடத்துக்கு நம்பலாம், ஒரு நகரத்துக்கு நம்ப முடியாது.

அந்தக் கறுப்பு நீரில் பிரேக் தேய்மானத்தின் செம்பு, துத்தநாகம் பூசிய கூரைத் தகட்டிலிருந்தும் டயரிலிருந்தும் வரும் துத்தநாகம், எண்ணெய், நாய்க்கழிவின் கிருமிகள், வெயிலில் காய்ந்த தார் கொடுத்த சூடு எல்லாம் இருக்கும். ஆனால் எனக்கு மிகவும் உறைத்தது டயர் கதைதான். அமெரிக்காவின் வடமேற்கில், பியூஜெட் சவுண்ட் என்னும் கடற்கழியைச் சுற்றியுள்ள நகர ஓடைகளில், முட்டையிட வரும் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பிறகு வாயைப் பிளந்து, வட்டமடித்து, முட்டையிடாமலே செத்துப்போயின. அவற்றின் நெருங்கிய உறவான சம் சால்மனுக்கு அதே நீரில் எதுவும் ஆகவில்லை. பல ஆண்டுத் தேடலுக்குப் பிறகு 2020-இல் குற்றவாளி தெரிந்தது. டயர் ரப்பரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குயினோன் ஆகிறது. லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் கூட வேண்டாம், கோஹோவைக் கொல்ல. இதில் நான் கவனிக்கச் சொல்வது இன்னொன்றை. எந்த நஞ்சு என்று தெரிவதற்கு முன்பே, அதே சாலை நீரை மணலும் மட்கு உரமும் கலந்த மண் வழியாக இறக்கி மீன்தொட்டியில் விட்டுப் பார்த்திருந்தார்கள். மீன்கள் பிழைத்துக்கொண்டன.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. எவ்வளவு பரப்பு மூடப்பட்டது என்பதைவிட, ஓடையைச் சேருமுன் அந்த நீர் எங்காவது மண்ணைத் தொட்டதா என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. நீர்ப்பிடிப்பில் 10 சதவீதம் மூடப்பட்டால் ஓடை கெடத் தொடங்கும், 25 சதவீதம் தாண்டினால் மீளாது என்று ஒரு விதி 1990-களிலிருந்து புழங்குகிறது. தோராயமாகப் பார்க்க உதவும். எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளக் கூடாது. மெல்பர்ன் நகரின் ஓரத்து ஓடைகளை ஆராய்ந்த கிறிஸ் வால்ஷ் குழுவினர், மொத்த மூடுபரப்பைவிடக் குழாய் மூலம் ஓடையோடு நேரடியாக இணைந்த மூடுபரப்புதான் ஓடையின் கேட்டோடு ஒத்துப்போகிறது என்று காட்டினார்கள். அப்படி இணைந்த பரப்பு சில சதவீதம் இருந்தாலே போதும், நுண்ணுயிர்களும் பூச்சிகளும் மாறிவிடுகின்றன. ஒரே அளவுள்ள இரண்டு கூரைகள். ஒன்றின் இறங்குகுழாய் தோட்டத்து மண்ணில் விடுகிறது, மற்றொன்றின் குழாய் வடிகாலில் சேர்கிறது. முதல் கூரை ஓடையைப் பொறுத்தவரை இல்லாத மாதிரிதான்.

மரத்தின் இலையையே எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுத்தரையில் விழுந்தால் அது மழைத்துளியின் அடியை வாங்கிக்கொள்ளும் மெத்தை. சாலையில் விழுந்தால் தேநீர்ப் பை. அமெரிக்காவின் மேடிசன் நகரில், இலையுதிர் காலத்தில் தெருவின் இலைகளை மழைக்கு முன் அவ்வப்போது அள்ளியபோது வடிகால் நீரின் பாஸ்பரஸ் சுமை 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக அமெரிக்க நில அளவாய்வு நிறுவனம் அளந்தது. மரம் நட்டதைத் தவறு என்று சொல்லவில்லை. நட்ட இடத்துக்குக் கீழே தார் இருந்தால் துடைப்பமும் வேண்டும்.

தீர்வுகளில் எனக்குப் பாரபட்சம் உண்டு. தேக்கித் திறந்துவிடும் குளங்களை ஊருக்கு ஊர் கட்டுகிறார்கள். அவை உச்ச ஓட்டத்தைக் குறைக்கும், மொத்த நீரைக் குறைக்காது. ஒரு மணி நேரம் பாய வேண்டியது பத்து மணி நேரம் பாயும். கரை அரிப்பு மெதுவாக, நீண்ட நேரம் நடக்கும். ஓடையோரப் புல்பட்டையும் மரப்பட்டையும் நல்லவைதான், நீர் அவற்றின் மேல் மெல்லிய படலமாகப் பரவி வரும்வரை. வயலிலேயே சிறு ஓடை அறுத்துக்கொண்டு ஒரே இடத்தில் புகுந்தால், 30 மீட்டர் அகலப் பட்டையும் வெறும் அலங்காரம். குழியாக வெட்டிச் செடி நட்ட மழைத்தோட்டங்கள் எனக்குப் பிடித்தவை. அதிலும் ஒரு பொறி உண்டு: செடி செழிக்கட்டும் என்று மட்கு உரத்தை அள்ளிக் கொட்டினால், உள்ளே வந்ததைவிட அதிகப் பாஸ்பரஸ் வெளியே போகும். உலோகத்தையும் டயர் நஞ்சையும் பிடித்த அதே மட்குதான். எந்த நீர் எங்கே போய்ச் சேரப்போகிறது என்று கேட்காமல் கலவையை முடிவு செய்யக் கூடாது. அதேபோல் பெட்ரோல் நிலையத்தின் தரை நீரையோ ரசாயனக் கிடங்கின் நீரையோ நேராக நிலத்துக்குள் இறக்குவது, ஓடையின் நோயை நிலத்தடி நீருக்கு மாற்றுவது மட்டும்தான்.

இப்போது அந்தப் பச்சை ஏரி. பச்சை என்பது பாசி; அதன் தீனி பெரும்பாலும் பாஸ்பரஸ். பூங்கா அமைத்த பிறகும் மாறவில்லை என்றால் நான் மூன்று இடங்களில் பார்ப்பேன். முதலில் குழாய்கள். கரையில் புல்லும் நடைபாதையும் அழகாக இருக்கும். சுற்றியுள்ள தெருக்களின் வடிகால் அதற்கு அடியில் புதைந்து, ஏரிக்குள் நீர்மட்டத்தில் வாய் திறந்திருக்கும். அந்த நீர் புல்லைப் பார்ப்பதே இல்லை. பூங்கா தடுத்து வைத்திருப்பது பூங்காவில் விழுந்த மழையை மட்டுமே. வறண்ட நாளிலும் அந்தக் குழாயில் நீர் கசிந்தால் அது மழைநீரே அல்ல. எங்கோ கழிவுநீர் இணைப்பு தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, அந்தப் புல்லுக்கே போடும் உரம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2005 முதல் வீட்டுப் புல்தரைகளில் பாஸ்பரஸ் உரம் போடுவதைப் பெரும்பாலும் தடுத்துவிட்டது. பல மண்ணில் அது ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. போட்டது புல்லுக்குப் பயன்படாமல் ஏரிக்குத்தான் போகும்.

மூன்றாவது, யாரும் பார்க்க விரும்பாத இடம்: ஏரியின் அடிச்சேறு. பல பத்தாண்டுகளாக வந்து படிந்த பாஸ்பரஸ் அங்கே சேமிப்பாகக் கிடக்கிறது. வெயில் காலத்தில் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும், சேற்றில் இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸ் அவிழ்ந்து மேலே வரும். உள்ளே வரும் எல்லா வாய்க்கால்களையும் இன்றே சுத்தமாக்கினாலும் ஏரி தன் பழைய கையிருப்பிலேயே பல ஆண்டுகள் பச்சையாக ஓட்டிவிடும். ஸ்வீடனில் வெக்ஷோ நகரின் ட்ரம்மென் ஏரியில் இதுதான் நடந்தது. 1950-களின் இறுதியில் கழிவுநீரைத் திருப்பிவிட்டார்கள். பத்தாண்டு கழித்தும் ஏரி தேறவில்லை. 1970, 1971-இல் மேல்சேற்றை உறிஞ்சி எடுத்த பிறகுதான் பாஸ்பரஸ் விழுந்து நீர் தெளிந்தது.

வரிசை மாறக் கூடாது. குழாய்களைத் தேடிச் சரிசெய்யாமல் முதலில் தூர் வாரினால், புதுச் சேறு சேர அதிக நாள் ஆகாது. அடுத்த மழை தொடங்கியதும் ஏரிக்கரையைச் சுற்றி நடந்து, எந்தெந்த வாயிலிருந்து நீர் வருகிறது, எந்த நிறத்தில் வருகிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். அந்த எண்ணிக்கையை எழுதினால் மேற்கொண்டு பேசலாம்.